வண்டி நின்றால் ஆடுகிறவர்

அவர் பஸ் கண்டக்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் அந்தத் தடத்தில் போய்வருகிறவர்களுக்கு அவர் ‘உள்ளேபோங்க’. படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல ஊஞ்சல் கட்டி ஆடலாம், அவ்வளவு இடம் கிடக்கு” என்று தொண்டை கிழியக் கத்துவார். கோபக்காரர் மாதிரி இருக்கும். உண்மையில் பயந்த மனுஷன். ஒரு கிழவி படியில் கால் வைத்துவிட்டால், அவள் உட்காரும்வரை விசில் அவர் வாயிலேயே கிடக்கும், ஊதமாட்டார்.

அவர் குடித்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நீங்களும் அந்தத் தெருக்காரர்கள் மாதிரி நாலு எட்டு அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு, “சரிதான்” என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

போன வருஷம் ஒரு விடுமுறை நாள் காலையில், முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றவர் அப்படியே விழுந்தார். கை கால் இழுத்துக்கொண்டது. மனைவி ஓடிவந்து பார்த்தபோது பாதி முகம் மழித்தபடியும் பாதி முகம் நுரையோடும் கிடந்தார். எந்த நுரை சோப்பு, எந்த நுரை வாயிலிருந்து வந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மகள் அப்போது கல்லூரித் தோழி வீட்டில் இருந்தாள். நல்லவேளை என்று அன்றைக்கு நினைத்தார்கள். நல்லவேளையாவது, மண்ணாவது.

டாக்டர் வலிப்பு என்றார். மாத்திரை எழுதினார். எழுதிக்கொண்டே, “என்ன வேலை பார்க்கறீங்க?” என்றார்.

“கடைல கல்லாவுல உட்கார்றேன் சார். உட்கார்ந்த இடத்து வேலைதான்.”

மனைவி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“நல்லதாப் போச்சு. ஓடுற வண்டி, உயரமான இடம், இதுக்கெல்லாம் கொஞ்ச காலம் போகக் கூடாது” என்றார் டாக்டர்.

கண்டக்டருக்கு அது தெரியாதா என்ன? டிப்போவில் இதற்கு முன்னால் ஒருவருக்கு வலிப்பு வந்தது. மறுநாளே வண்டியிலிருந்து இறக்கி டயர் கிடங்கில் போட்டார்கள். ஜன்னல் இல்லாத நீள அறை. தேய்ந்த டயர் ஒரு பக்கம், தேயாத டயர் ஒரு பக்கம், நடுவில் ஒரு நாற்காலி. அந்த ஆள் கொஞ்ச நாளில் யாரோடும் பேசுவதை விட்டுவிட்டார். சாப்பாட்டு நேரத்தில்கூட வெளியே வரமாட்டார். ‘உள்ளேபோங்க’வுக்குப் பேயும் பயமில்லை, பிசாசும் பயமில்லை. அந்த நாற்காலிதான் பயம்.

மூன்றாம் மாதம் வலிப்பு இன்னொரு தடவை வந்தது, வீட்டிலேயே, விடியும் முன்பு தூக்கத்தில். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். “தலை கொஞ்சம் சுத்தும். நடை தள்ளாடும். ரொம்ப இருந்தா வந்து சொல்லுங்க, மாத்திப் பார்க்கலாம். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க” என்றார். அதற்குப் பிறகு வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக இந்த ஆட்டம் வந்து குடியேறியது.

தலைசுற்றல் என்றால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகிற சுற்றல் இல்லை. தரை லேசாக ஒரு பக்கம் சரிந்தபடியே இருக்கும். தலையைச் சட்டென்று திருப்பினால் பார்க்கிற பொருள் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். காலை மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் தெருக்கோடி இரண்டாகத் தெரியும், எந்தக் கோடிக்குப் போவது என்று நின்று யோசிக்க வேண்டும். கால் வைக்கிற ஒவ்வோர் இடத்தையும் முதலில் கண்ணால் பார்த்து, பிறகு மனசால் பார்த்து, அப்புறம்தான் காலால் பார்ப்பார். முன்பெல்லாம் இதைக் கால் தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. ஒரு மனுஷன் நடப்பதற்கு இத்தனை மூளை செலவழித்தால் சாயங்காலம் அவனிடம் என்ன மிஞ்சும்? வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றக் குனிவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கே பாதித் தெம்பு போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓடுகிற பஸ்ஸில் அவருக்கு ஒன்றும் தெரியாது. அங்கே எல்லோரும்தானே ஆடுகிறார்கள்! ஆட்டத்தோடு ஆட்டமாக அது மறைந்துவிடும். தலைக்கு மேலே கம்பி, பக்கத்துக்குப் பக்கம் கம்பி, இடித்துக்கொண்டு நிற்க மனுஷர்கள். படிக்கட்டுப் பக்கம் நிற்பதை மட்டும் விட்டுவிட்டார். நடுவில், இரண்டு கம்பிகளுக்கு இடையில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு டிக்கெட் கிழிப்பார். வண்டி நின்று, இறங்கி, ஆடாத தரையில் கால் வைத்தால்தான் குட்டு உடையும். வீட்டுக்குள் நடக்கும்போதுகூட அந்த ஞாபகத்தில் வலது கை தானாக மேலே போகும். ஒருநாள் அப்படிப் போன கை துணிக்கொடியைப் பிடித்துவிட்டது. கொடியும் ஈரத்துணியும் அவரும் ஒன்றாக விழுந்தார்கள். மனைவி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதாள்.

தெருமுனைக் கடைக்காரருக்கு ஊர் சமாச்சாரம் என்றால் மூக்கில் வியர்க்கும். ஒருநாள் சாயங்காலம், இவர் விளக்குக் கம்பத்தைப் பிடித்து நின்று போவதைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, உள்ள போங்க, உள்ள போங்கன்னு சொல்லிச் சொல்லி, கடைசில உங்களுக்கே உள்ள போயிருச்சா?” என்றார். கடையில் நின்ற நாலு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் என்ன சொல்வது? மறுத்தால், அப்புறம் ஏன் ஆடுகிறாய் என்று கேட்பார்கள். அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவைத்தார். அந்தப் பாழாய்ப்போன சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, “அப்படியே இருந்துட்டுப் போகட்டும்” என்றாள்.

“என்னடி சொல்றே?”

“குடிக்கிறவருன்னா நாலு நாள் பேசுவாங்க, விட்டுருவாங்க. குடிக்காத ஆம்பளை எத்தனை பேரு இருக்காங்க? வலிப்புன்னா விடமாட்டாங்க. உங்களை வண்டியிலேர்ந்து இறக்கிருவாங்க. நாளைக்கு நம்ம பொண்ணைக் கேட்டு ஒருத்தன் வருவானா? பரம்பரை வியாதின்னு ஒரே வார்த்தைல கதையை முடிச்சிருவாங்க.”

“அவகிட்டயாவது சொல்லிடலாமே.”

“அவகிட்டயா? வாயில பூட்டே இல்லாதவ. நெஞ்சுல இருக்கறது நிமிஷத்துல நாக்குல நிக்கும். விடிஞ்சா ஊருக்கே தெரிஞ்சுரும்.”

அப்படித்தான், குடித்தே பழக்கமில்லாத ஒருவர் குடிகாரர் ஆனார். மனைவியும் சும்மா இருக்கவில்லை, தன் பங்கைச் செய்தாள். பக்கத்து வீட்டுக்காரி, “எப்படித்தான் சமாளிக்கிறியோ, நீயா இருக்கப்போய்ப் பொறுத்துப் போறே” என்று உச்சுக்கொட்டும்போது தலையைக் குனிந்துகொள்வாள். செய்யாத குற்றத்துக்கு வருகிற இரக்கத்தை வாங்கி வைத்துக்கொள்வது லேசுப்பட்ட வேலை இல்லை. உள்ளே வந்து பாத்திரங்களைத் தடதடவென்று போடுவாள்.

மாத்திரையை ஒரு காலி சோப்பு டப்பாவில் போட்டுக் குளியலறைப் பரணில் வைத்திருந்தார். கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் விழுங்குவார். கொஞ்ச நேரம் கழித்து ஆட ஆரம்பிப்பார். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

மகள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அது அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. தினமும் அவர் வந்ததும் வாசலுக்கு வந்து தோளிலிருந்து பையை வாங்கிக்கொள்வாள். வாங்கும்போது கிட்டத்தில் வந்து ஒரு கணம் நிற்பாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். பிள்ளைக்குப் பாசம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அலுத்துப்போய் வருகிற அந்த நேரத்தில் அவருக்கு இருந்த ஒரே சுகம் அதுதான்.

அவருடைய டிரைவர் ஒரு காலத்தில் மொடாக்குடியர். ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, பெண்டாட்டி காலைப் பிடித்து அழுது, ஒருவழியாக விட்டவர். அதனால் இவர்மேல் அவருக்கு உரிமையோடு ஒரு கோபம். பள்ளம் வந்தால் இவருக்காக மெதுவாக இறக்கி ஏற்றுவார். முனையில் திரும்பும்போது கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். வண்டி நின்றதும் ஒரு பாட்டம் திட்டுவார். “என்னால விட முடிஞ்சுது. உன்னால முடியாதா? உனக்கு என்ன கேடு?” இவர் மென்று விழுங்குவார். இத்தனை வருஷம் ஒரே வண்டியில் ஒட்டிக்கிடந்த மனுஷனிடம்கூட உண்மையைச் சொல்ல முடியவில்லையே என்கிற வெட்கம் ஆட்டத்தைவிட அவரை அதிகமாக ஆட்டியது.

ஒருநாள் காலையில் டிப்போ மேனேஜர் கூப்பிட்டார். “யோவ், குடிச்சிட்டு வர்றேன்னு உன்மேல புகார் மேல புகார். இன்னைக்குச் சாயங்காலம் ஊதுற மெஷின் வருது. வண்டிய விட்டதும் முதல்ல நீதான் ஊதணும்.”

“சார், டூட்டில நான்…”

“இருந்துச்சுன்னா எச்சரிக்கை, ஒரு வாரம் வீட்டுல இரு, அப்புறம் வந்து ஏறிக்க. இல்லேன்னா நம்ம டாக்டர்கிட்ட அனுப்பிருவேன். ஏன் இந்த ஆட்டம் ஆடுறேன்னு அவரு பார்த்துச் சொல்லட்டும்.”

பகல் முழுக்க அவருக்கு அதே நினைப்பு. ஊதினால் ஒன்றும் வராது. ஒன்றும் வராவிட்டால் டாக்டர். டாக்டர் என்றால் டயர் கிடங்கு. அவருக்குத் தப்பிக்க ஒரே வழி வாயில் வாசனை வருவதுதான். இப்படி ஒரு இக்கட்டு எந்த மனுஷனுக்காவது வந்திருக்குமா? மதியச் சாப்பாட்டு நேரத்தில், பிறந்ததிலிருந்து ஏறாத ஒரு கடைப் படியில் ஏறினார். எது வேண்டும் என்று கேட்டதற்கு, “ஏதாவது, சின்னதா” என்றார். கடைக்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

சாயங்காலம் வண்டியை விட்டதும், பஸ் கழுவுகிற கொட்டகைக்குப் பின்னால் போனார். சேறும் சோப்புத் தண்ணீருமாகக் கிடந்த இடம். சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு பாட்டிலைத் திறந்தார். மாத்திரை சாப்பிடுகிறவன் இதைக் குடிக்கவே கூடாது என்று டாக்டர் தலையில் அடித்த மாதிரி சொல்லியிருந்தார். அதனால் குடிக்கவில்லை. வாயில் ஊற்றி, கண்ணில் நீர் வரக் கொப்பளித்து, துப்பினார். மறுபடியும் ஊற்றினார், துப்பினார்.

“டேய்!”

டிரைவர் நின்றுகொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட ஆத்திரத்தில் பாய்ந்து வந்து பாட்டிலைப் பிடுங்கினார். இவர் விடவில்லை. இழுத்த இழுப்பில் பாட்டிலில் இருந்த மொத்தமும் இவருடைய சட்டையில் கொட்டியது. கை ஓங்கிய டிரைவர், ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். தரையைப் பார்த்தார். இவர் வாயைப் பார்த்தார்.

“நீ இப்போ துப்பினேதானே?”

இவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“எந்தக் குடிகாரன்டா துப்புவான்? நான் குடிச்ச காலத்துல தரையில சிந்தினாக்கூட வயிறு எரியும். நீ வாய் கழுவுற மாதிரி கழுவித் துப்புறே. என்ன நடக்குது இங்க? ஒழுங்காச் சொல்லு.”

பூசி மெழுக இனி ஒன்றும் இல்லை. சொன்னார். நுரை முகம், மாத்திரை, இரண்டாகத் தெரிகிற தெருக்கோடி, டயர் கிடங்கு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் சமாதானம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கெட்ட கெட்ட வார்த்தையாகச் சொன்னார்.

“படில நின்னிருந்தா என்னடா ஆயிருக்கும்? உன்மேல ஏத்தியிருப்பேன்டா நான். என் கையாலயே.” இவர் கையைப் பிடித்துச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டார். “மெஷின் பக்கம் போகாதே. உனக்கு முடியலை, வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு நான் சொல்லிக்கிறேன். நாளைக்குக் காலைல நீயே போய் மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும். இல்லேன்னா நான் வண்டி எடுக்கமாட்டேன். உன்னை வெச்சுக்கிட்டு எடுக்கவே மாட்டேன்.”

நாற்றமெடுத்த சட்டையோடு தெருவில் நடந்தார். தெருமுனைக் கடையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, காற்றே சொல்லிவிட்டதே.

வாசலில் மகள் வந்தாள். பையை வாங்கக் கை நீட்டினாள். கிட்டத்தில் வந்தாள், ஒரு கணம் நின்றாள். நீட்டிய கை அப்படியே கீழே போனது.

“வாசனை வருதுப்பா” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

“இத்தனை நாளா ஊரே சொல்லுச்சு. நான் மட்டும்தான் நம்பலை. தினமும் கிட்ட வந்து மோந்து பார்ப்பேன். ஒரு நாள்கூட வந்ததில்லை. பாத்ரூம்ல பாட்டில் இருக்கான்னு தேடினேன், அங்கயும் இல்லை. எங்கப்பா குடிக்கிறதில்லைன்னு காலேஜ்ல ஒருத்திகூட சண்டை போட்டு, இன்னைக்கு வரைக்கும் அவகூடப் பேசறதில்லை நான்.” உதடு கோணிக்கொண்டு வந்தது. “இன்னைக்கு வருது.”

அவர் பாசம் என்று நினைத்தது இதுதான். பாசமும்தான். சுவரைப் பிடித்துக்கொண்டார். டயர் கிடங்கு, மேனேஜர், வருகிற மாப்பிள்ளை, போகிற மாப்பிள்ளை எல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கேயோ போயின. இந்தப் பிள்ளை ஒருத்தி நம்பாமல் இருந்ததால்தான் இத்தனை நாள் தான் நின்றுகொண்டிருந்தோம் என்று தோன்றியது. உள்ளேயிருந்து மனைவி ஓடிவந்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். குளியலறைக்குப் போய் சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து மகள் கையில் வைத்தார்.

“எனக்கு வலிப்பும்மா” என்றார். “இந்த மாத்திரைதான் ஆட்டுது. இன்னைக்கு வாயில ஊத்தித் துப்பினேன், அவ்வளவுதான். குடிக்கலை. எப்பவும் குடிச்சதில்லை.”

அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். “பாட்டில் இதுக்குள்ள இருக்காதுன்னு இதை மட்டும் திறக்கவே இல்லைப்பா” என்று சொல்லி, அந்த நாறுகிற சட்டையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு நிமிர்ந்து அம்மாவிடம் ஒரு சண்டை போட்டாள். நல்ல சண்டை, அக்கம்பக்கம் கேட்கிற அளவுக்கு.

மறுநாள் காலை அவரோடு டிப்போவுக்கு அவளும் போனாள். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “பேசாம நீ குடிச்சே தொலைச்சிருக்கலாமேய்யா. வண்டியாவது மிஞ்சியிருக்கும்” என்றார். கெட்டவர் இல்லை, அவருக்கும் அலுப்புதான். வாசலில் நின்ற டிரைவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டயர் கிடங்குதான், அடுத்த வாரத்திலிருந்து. நாற்காலியைக் கதவுப் பக்கம் போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் ‘உள்ளேபோங்க’ கேட்டார். போட்டுக்கொள் என்றார் மேனேஜர். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், கல்லாப் பொய்யையும் தலைசுற்றலையும் டாக்டரிடம் சொன்னார்கள். டாக்டர் திட்டிவிட்டு, அளவை மாற்றிப் பார்ப்போம் என்றார். ஆட்டம் குறையலாம், குறையாமலும் போகலாம். ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. தெருமுனையில் தெருக்கோடி வழக்கம் போல இரண்டாகத் தெரிந்தது. நின்றார். கடைக்காரர் தலையை நீட்டினார்.

“என்னண்ணே, பகல்லயே உள்ள போயாச்சா? பொண்ணு வேற தாங்கிப் பிடிச்சுட்டு வருது!”

அவர் தன் அசட்டுச் சிரிப்பைச் சிரிக்கப் போனார். அதற்குள் மகள் அவர் முழங்கையை விட்டுவிட்டுக் கடைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். வாயில் பூட்டு இல்லாத பிள்ளை.

“எங்கப்பாவுக்கு வலிப்பு” என்றாள். தெரு முழுக்கக் கேட்டது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “மாத்திரை சாப்பிடுறாரு. மாத்திரையால தலை சுத்துது, அதனால ஆடுறாரு. நல்லாக் கேட்டுக்கோங்க, யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோங்க. வேற ஏதாவது தெரியணுமா?”

கடைக்காரர் நீட்டிய தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, உள்ளேயிருந்து ஒரு முக்காலியை எடுத்து வெளியே வைத்தார். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொரு பாடு.

மகள் திரும்பி வந்து கையைக் கொடுத்தாள்.

“வாங்கப்பா. விழுந்துருவோம்னு பிடிச்சுப் பிடிச்சு நடக்காதீங்க. ஆடிக்கிட்டே வாங்க, ஒண்ணும் அவசரமில்லை.”

இத்தனை மாதமாக அந்தத் தெருவில் ஆடாமல் நடக்கத்தான் அவர் அத்தனை பாடும் பட்டார். அன்றைக்கு அந்தப் பாடு எதுவும் படாமல், வலது பக்கமும் இடது பக்கமுமாகச் சரிந்து, ஆடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.